வலி நின்ற பிறகும் ஓய்வு

கார்டிசோன் ஊசி போட்ட மூட்டுக்குள் மூன்று கடிகாரங்கள் மூன்று வேகத்தில் ஓடுகின்றன. ஊசியில் பெரும்பாலும் சேர்த்துக் கொடுக்கப்படும் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஸ்டீராய்டு மருந்து இரண்டு மூன்று நாளில், சிலருக்கு ஒரு வாரம் கழித்து, வீக்கத்தைத் தணிக்கத் தொடங்கும்; அதன் பலன் வாரக்கணக்கில் நிற்கும். காயப்பட்ட தசைநாண் ஆறுவது இந்த இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. முதல் சில நாட்கள் அழற்சி, அடுத்த சில வாரங்கள் புது நார்களின் வளர்ச்சி, பிறகு பல மாதங்கள் அந்த நார்கள் இழுவைக்கு ஏற்ப ஒழுங்காவது என்று அது தன் போக்கில் நடக்கும். வலி போகும் நாளும் புண் ஆறும் நாளும் இப்படிப் பிரிந்துபோகும்போது, நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் விளையாட்டு வீரரின் கால் ஓடத் தயாராக இருப்பதாகச் சொல்லும். உள்ளே தசைநாண் தயாராக இருக்காது.

அதனால்தான் ஊசி போட்ட மருத்துவர் ஓய்வையும் சேர்த்தே எழுதித் தருகிறார். முதல் ஒன்றிரண்டு நாள் அந்த மூட்டுக்கு வேலை கொடுக்கக் கூடாது. ஒன்றிரண்டு வாரம் பளு தூக்குவது, குதிப்பது, வேகமாக எறிவது எதுவும் கூடாது. கட்டிலில் படுத்துக் கிடக்கச் சொல்வதில்லை. காயப்பட்ட இடத்தின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார், அவ்வளவுதான். சொல்வதற்கு எளிது. கடைப்பிடிப்பது மட்டும் ஏன் இவ்வளவு கடினம் என்பது மருத்துவத்தின் எல்லையைத் தாண்டிய கேள்வி. வலிக்கிறவனுக்கு ஓய்வைக் கட்டளையிட வேண்டியதில்லை. வலியே அவனை உட்கார வைத்துவிடும். வலி இல்லாதவனை உட்கார வைப்பது எது? உடல் சொல்லாத ஒன்றை நம்பி ஒருவன் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றால், அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

இந்த மருந்தின் பிறப்பிலேயே இந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டிருந்தது. அட்ரீனல் சுரப்பியின் புறணியிலிருந்து அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டலும், சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைனும் 1930-களில் தனித்தனியே பிரித்தெடுத்த பொருட்களில் ஒன்றுதான் பின்னாளில் கார்டிசோன் என்று பெயர் பெற்றது. 1948 செப்டம்பரில் மேயோவில் ஃபிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு அதைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் மூவருக்கும் நோபல் பரிசு. ஆனால் மருந்தை நிறுத்தியபோது நோய் திரும்பியது. நிறுத்தாமல் கொடுத்தபோது முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, சிலருக்கு மனம் தடுமாறியது. நோயின் குரலை அடக்கத் தெரிந்த மருந்துக்கு நோயை வேரோடு எடுக்கத் தெரியவில்லை. 1951-இல் ஜோசப் ஹாலண்டர், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரோகார்டிசோனை நேராக மூட்டுக்குள் செலுத்தும் முறையை வெளியிட்டார். உடல் முழுவதும் பரவும் கேட்டைத் தவிர்த்து, வேண்டிய இடத்தில் மட்டும் மருந்து நிற்கச் செய்யும் நல்ல வழி அது. விளையாட்டு மைதானத்தின் ஓய்வறைக்குள் இந்த ஊசி நுழைந்ததும் அந்த வழியாகத்தான். இன்று ‘கார்டிசோன் ஊசி’ என்று வழக்கில் சொல்லப்படுவதில் பெரும்பாலும் இருப்பது டிரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற வழித்தோன்றல்கள். பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஊசியை வில்லனாக்குவது நியாயம் ஆகாது. உறைந்துபோன தோளுக்கும், வீங்கிய மூட்டுறைக்கும் அது தரும் நிம்மதி உண்மையானது. வலியால் கையைத் தூக்கவே முடியாதவர் உடற்பயிற்சியைத் தொடங்க அது வாசலைத் திறந்துவிடும். தசைநாண் விஷயத்தில் கதை வேறு. நாள்பட்ட தசைநாண் வலியில் அழற்சியைவிட நார்களின் தேய்வும் சிதைவுமே பெரும்பங்கு. அழற்சியை அணைக்கும் மருந்து அங்கே வலியைக் குறைக்குமே தவிர நாரைச் செப்பனிடாது. புதிய கொலாஜன் உருவாவதைக்கூட அது தடுக்கும். குதிகால் நாணுக்குள் நேராக ஊசி போடக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது, பலவீனப்பட்ட நாண் பாரம் விழும்போது அறுந்துவிடலாம் என்பதால்தான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் டென்னிஸ் எல்போ என்ற முழங்கைத் தசைநாண் வலி உள்ளவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்கு வலி திரும்பியது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 சதவீதத்தினருக்குத் திரும்பியது. முதல் சில வாரங்களில் நிம்மதி தரும் ஊசி ஓராண்டுக் கணக்கில் கையை மோசமான நிலையில் விட்டிருந்தது. முழங்கால் தேய்வுக்காக இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டு, 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு உப்புநீர் பெற்றவர்களுடையதைவிட அதிகம் தேய்ந்திருந்தது. வலியில் இரு சாராருக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. இந்த எண்கள் சொல்வது மருந்தைப் பற்றி மட்டும் இல்லை. நிம்மதியை நலம் என்று எண்ணிவிடும் மனிதப் பழக்கத்தையும் அவை அளந்து காட்டுகின்றன.

நிம்மதிக்கும் நலத்துக்கும் நடுவே வலி என்ன வேலை செய்கிறது என்பதைத் தத்துவத்தில் மிகக் கூர்மையாகத் தொட்டவர்களில் ஒருவர் டெகார்ட். 1641-இல் வெளிவந்த ‘தியானங்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் அவர் ஒரு மாலுமியைக் கொண்டுவருகிறார். கப்பலில் ஓட்டை விழுந்தால் மாலுமிக்கு வலிப்பதில்லை. அவன் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். மனிதன் தன் உடலுக்குள் அப்படி இருக்கவில்லை என்பது டெகார்டின் வாதம். உடலில் அடிபட்டால் அதை மனிதன் வெளியிலிருந்து ஆராய்ந்து அறிவதில்லை, அடிபட்டவனே அவன். மனமும் உடலும் வெவ்வேறு பொருட்கள் என்று சாதித்த அதே தத்துவவாதி, அவ்விரண்டும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு வலியைத்தான் சாட்சிக்கு அழைத்தார்.

கார்டிசோன் ஊசி போட்ட வீரர் மாலுமியாகிவிடுகிறார். தன் முழங்கையில் என்ன நடக்கிறது என்பதை அவர் இனி எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தை நம்ப வேண்டும். தன் உடலைப் பற்றி மற்ற எவரையும்விடத் தனக்கே முதலில் தெரியும் என்ற, பிறந்த நாள் முதல் இருந்த உரிமை தற்காலிகமாக அவரிடமிருந்து போகிறது. இது சிறிய இழப்பாகத் தோன்றலாம். ஆனால் வீரரின் தொழிலே உடலின் நுண்ணிய சைகைகளைக் கேட்டு நடப்பதில் இருக்கிறது. இன்று எவ்வளவு ஓடலாம், எந்தப் பந்தை விட்டுவிடலாம் என்று அவர் கணக்கிடுவது அந்தச் சைகைகளை வைத்துத்தான். மருந்து அடக்கிய மூட்டிலிருந்து வரும் ‘சரியாக இருக்கிறது’ என்ற செய்தி பொய் என்று அறிந்தும், அது மெய்போலவே உணரப்படும். ஒருவர் தன் சொந்த உணர்வுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய நிலை அது.

அந்தச் சாட்சியை மனிதர் எவ்வளவு அரிதாகவே சொல்கிறார்கள் என்பதற்குச் சான்று வேலூரிலிருந்து கிடைக்கிறது. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியவர் அவர். நோயாளிகளின் விரல்களும் பாதங்களும் குறைந்துபோவது நோய்க்கிருமி சதையைத் தின்பதால் என்றே அப்போது பரவலாக நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. நரம்பு மரத்துப்போனதால் சூடான பாத்திரத்தைக் கை விடுவதில்லை, செருப்புக்குள் இருக்கும் ஆணியைக் கால் அறிவதில்லை. உணரப்படாத சிறு காயங்கள் ஆற விடப்படாமல் நாள்தோறும் மிதிபட்டுக் கடைசியில் உறுப்பையே கொண்டுபோகின்றன. வலி இருந்தவர் நொண்டியாவது நடந்து அந்தப் பாதத்தைக் காப்பாற்றியிருப்பார். வலி இல்லாதவர் நேராக நடந்தே அதை இழந்தார்.

பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பிராண்டின் குழு ஒரு செயற்கை வலியை உருவாக்கப் பார்த்தது. கையுறையிலும் காலணியிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள். அழுத்தம் மிஞ்சினால் முதலில் ஒலி எழும். ஒலியைப் பலரும் பொருட்படுத்தவில்லை. பிறகு, உணர்ச்சி மிச்சமிருந்த உடற்பகுதியில் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். அப்போதும், செய்து முடிக்க வேண்டிய வேலை இருந்தால் நோயாளி அந்தக் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடிப்பார்; பிறகு மறுபடி போட்டுக்கொள்வார். முட்டாள்தனத்தால் செய்ததாகச் சொல்ல முடியாது; ஆபத்து என்னவென்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பல ஆண்டு உழைப்புக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. வலி பயன்பட வேண்டுமானால் அதை அணைக்கும் பொத்தான் அதை அனுபவிப்பவன் கையில் இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு பிராண்ட் வந்தார். ஆழ்ந்த இறைநம்பிக்கை உடைய அவர், வலியைக் கடவுளின் கொடை என்று கடைசிவரை சொன்னதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

கார்டிசோன் ஊசி அந்தப் பொத்தானை வீரர் கையில் கொடுக்கிறது; பல நேரங்களில், கசப்பான உண்மையாக, அவருடைய அணி நிர்வாகத்தின் கையிலும். அப்படியானால் பொத்தானுக்கு எட்டாத வேறொரு கட்டுப்பாடு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். களைப்பையும் வலியையும் சாராத ஓய்வு என்ற எண்ணத்தை மனித வரலாற்றில் மிக உறுதியாக நிறுவியது யூதர்களின் ஷபாத், அதாவது ஓய்வுநாள். ஆறு நாள் உழைப்பு, ஏழாம் நாள் ஓய்வு. ஆறாம் நாள் மாலை ஒருவன் களைத்திருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை. உடம்பில் தெம்பு ததும்பினாலும் சூரியன் மறைந்ததும் வேலை நிற்க வேண்டும். ஓய்வின் அதிகாரத்தை உணர்விடமிருந்து எடுத்து நாட்காட்டியிடம் கொடுத்த ஏற்பாடு இது.

இந்தக் கட்டளைக்கு எபிரேய வேதம் இரண்டு காரணங்கள் தருகிறது. யாத்திராகமத்தில் சொல்லப்படுவது படைப்பு: கடவுளே ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமத்தில் சொல்லப்படுவது எகிப்தின் அடிமைத்தனம்: ஓய்வு மறுக்கப்பட்டவனாக நீ இருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும்கூட ஓய வேண்டும். விளையாட்டுக் காயத்தைப் பற்றி எண்ணும்போது இரண்டாவது காரணம் தனி வெளிச்சம் தருகிறது. ‘எனக்கு ஓய்வு வேண்டும்’ என்று கேட்கும் துணிவு எல்லாருக்கும் இருப்பதில்லை. ஒப்பந்தம் முடியப்போகும் வீரருக்கும், அணியில் இடம் உறுதியாகாத இளைஞருக்கும் அந்தத் துணிவு குறைவு. கேட்டுப் பெறும் ஓய்வு வலுவானவருக்கே கிடைக்கும். விதியாக வரும் ஓய்வு எல்லாருக்கும் கிடைக்கும். நிலத்துக்கும் ஏழாண்டுக்கு ஒரு முறை ஓய்வு விதித்த லேவியராகமம், வாய்பேசாதவற்றின் களைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. மருந்தால் வாயடைக்கப்பட்ட மூட்டும் அந்த வரிசையில் சேர்ந்ததே.

மதச்சார்பற்ற விளையாட்டுலகில் இதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு சைக்கிள் பந்தயத்தில் வந்தது. சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கமான யூ.சி.ஐ. 2011-இல் ஊசிகளைக் கட்டுப்படுத்தி விதி கொண்டுவந்தபோது, மூட்டில் குளூக்கோகார்டிகாய்டு (கார்டிசோன் வகை ஸ்டீராய்டு) ஊசி போட்டுக்கொண்ட வீரர் 8 நாட்கள் போட்டியிடக் கூடாது என்றது. வலிக்கிறதா, வலிக்கவில்லையா என்ற விசாரணைக்கே அதில் இடமில்லை. ஊசி போட்டால் எட்டு நாள், அவ்வளவுதான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா, 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் எந்த வழியாகப் போடும் குளூக்கோகார்டிகாய்டு ஊசியையும் தடை செய்தது. அதன் முதன்மை நோக்கம் போட்டியின் நேர்மை. மூட்டின் நலம் அதோடு கூட வரும் பலன். விதிக்குக் கண் கிடையாது என்பதும் உண்மைதான். 2001 டூர் டி பிரான்ஸில் ஜொனாதன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்க வீரரைக் குளவி கொட்டிக் கண் மூடிப்போகும் அளவுக்கு வீங்கியபோது, அன்றைய விதிகளால் கார்டிசோன் எடுக்க முடியாமல் அவர் பந்தயத்தை விட்டே விலகினார். ஒரு விதி எல்லாரையும் காக்கும்போது எங்கோ ஒருவருக்கு அநீதி நேரலாம். ஓய்வுநாள் மரபு இந்தச் சிக்கலை நெடுங்காலமாக அறியும். உயிரைக் காப்பதற்காக ஓய்வுநாளை மீறலாம், மீறியே ஆக வேண்டும் என்று ரபிகள் வகுத்த ‘பிக்குவாஹ் நெஃபெஷ்’ என்ற நெறி அதற்காகப் பிறந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு. இறுதிப்போட்டி உயிருக்கு ஆபத்து ஆகாது.

ஓய்வு எதற்காக என்ற கேள்வியில் மரபுகளுக்குள்ளேயே பிளவு உண்டு. இளைப்பாறுதல் செயலுக்காகவே என்றார் அரிஸ்டாட்டில். இடைவிடாமல் உழைக்க முடியாததால் மனிதன் ஓய்கிறான், மறுபடி உழைப்பதற்காக. அலெக்ஸாண்ட்ரியாவின் யூதத் தத்துவவாதி ஃபைலோவும் கிரேக்கர்களிடம் ஓய்வுநாளை நியாயப்படுத்தியபோது ஏறக்குறைய இதே வாதத்தை எடுத்தார்: ஓய்ந்தவன் புதுப் பலத்தோடு வேலைக்குத் திரும்புவான். ரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1951-இல் எழுதிய ‘ஓய்வுநாள்’ நூலில் இதை மறுத்தார். ஹாலண்டரின் மூட்டு ஊசி அறிக்கை வந்த அதே ஆண்டு. ஹெஷலுக்கு ஓய்வுநாள் வாரநாட்களின் வேலையாள் ஆகாது. வாரநாட்களே ஓய்வுநாளை நோக்கி நடக்கின்றன. வேலைத்திறனைக் கூட்டும் கருவியாக ஓய்வைப் பார்ப்பவர், ஓய்விலும் வேலையைத்தான் பார்க்கிறார்.

விளையாட்டு மருத்துவம் பேசுவது முழுக்க அரிஸ்டாட்டிலின் மொழி: ‘இரண்டு வாரம் பொறுத்தால் சீசன் முழுக்க ஆடலாம்.’ அந்த மொழியில் பிழையில்லை, ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஓய்வு ஆட்டத்துக்காகத்தான் என்றால், இந்த ஒரு ஆட்டமே மற்ற எல்லா ஆட்டங்களையும்விடப் பெரிது என்று தோன்றும் நாளில் ஓய்வுக்கு வாதம் இல்லாமல் போகும். கடைசிப் பந்தயம், ஒலிம்பிக் தகுதிச்சுற்று, கோப்பை இறுதி, இவற்றுக்கு முன்னால் ‘பிறகு ஆடலாம்’ என்ற சொல் நிற்காது. அங்கே நிற்கக்கூடியது வேறொன்று: ஆட்டம் எல்லாம் முடிந்த பிறகும் இருக்கப்போகும் ஒரு மனிதர், அவர் படியேறப் போகும் முழங்கால், பிள்ளையைத் தூக்கப் போகும் தோள். யூத மரபில் உடல் மனிதனின் தனிச்சொத்து ஆகாது. அவன் அதற்குக் காப்பாளன். மருத்துவராகவும் இருந்த மைமோனிடஸ், பிறரைக் காயப்படுத்துவதைப் போலவே தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதையும் தடுக்கப்பட்ட செயல் என்று தம் சட்டத்தொகுப்பில் வைத்தார். ‘என் உடம்பு, என் முடிவு’ என்பது இன்றைய வலுவான வாதம்; அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அந்த முடிவை எடுக்கும் வேளையில் அந்த உடம்பின் குரல் மருந்தால் அடக்கப்பட்டிருக்கிறது, அருகில் நிற்பவர்களுக்கு அந்த ஆட்டத்தில் ஆதாயம் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முடிவு எவ்வளவு தூரம் அவருடையது என்ற ஐயம் எழாமல் இருக்காது.

இந்த எல்லா இழைகளும் ஒரே வாழ்க்கையில் வந்து சேர்ந்தது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் இடக்கைப் பந்தெறி வீரர் சாண்டி கோஃபாக்ஸிடம். 1964-இல் அடிபட்ட அவருடைய இடது முழங்கையில் மூட்டழற்சி கண்டறியப்பட்டது. 1965 வசந்தகாலப் பயிற்சியில் ஒரு முழு ஆட்டம் எறிந்த மறுநாள், உள்ளே இரத்தம் கசிந்து கை கறுத்திருந்தது. இப்படியே எறிந்தால் கையின் முழுப் பயனும் ஒருநாள் போய்விடும் என்று அணி மருத்துவர் ராபர்ட் கெர்லன் எச்சரித்தார். கார்டிசோன் ஊசி, வலி மாத்திரை, எரிச்சலூட்டும் களிம்பு, ஆட்டம் முடிந்ததும் பனிக்கட்டித் தொட்டி என்று பருவம் நகர்ந்தது. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எறியலாம் என்று முதலில் எழுந்த யோசனை நிலைக்கவில்லை. அந்த ஆண்டு அவர் 335 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 6, பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸின் முதல் ஆட்டம் யோம் கிப்பூர் நாளில் வந்தது. யூத நாட்காட்டியில் ஓய்வுநாள்களின் ஓய்வுநாள் என்று சொல்லப்படும் பாவநிவாரண நாள் அது. யூதரானாலும் சடங்குகளை நாள்தோறும் கடைப்பிடிப்பவராக அறியப்படாத கோஃபாக்ஸ் அன்று எறிய மறுத்தார். அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. உடல் கேட்காத, களைப்பு கட்டாயப்படுத்தாத, வெறும் நாட்காட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஓய்வு அது. எட்டு நாள் கழித்து, அக்டோபர் 14 அன்று, ஏழாவது ஆட்டத்தில் இரண்டே நாள் இடைவெளியில் களமிறங்கி, எதிரணிக்கு ஓர் ஓட்டமும் விடாமல் கோப்பையை வென்று கொடுத்தார். ஆன்மாவுக்காக ஒரு நாளைக் கொடுக்க முடிந்தவரால் முழங்கைக்காக அதே தொடரில் ஒரு நாளைக் கொடுக்க முடியவில்லை. இதில் அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை: முன்னதற்கு நெடுங்கால மரபு ஒன்று துணை நின்றது, பின்னதற்கு அவருடைய தனிமனித உறுதி ஒன்றே இருந்தது, அதையும் ஊசி ஒவ்வொரு முறையும் தளர்த்திக்கொண்டிருந்தது.

1966-இல் அவர் 27 ஆட்டங்களில் வென்றார். அவர் வாழ்வின் மிகச் சிறந்த பருவம் அது. அந்த நவம்பர் 18 அன்று, 30 வயதில், ஓய்வை அறிவித்தார். அளவுக்கு மீறி ஊசிகளும் மாத்திரைகளும் ஆகிவிட்டன என்பதை அவர் மறைக்கவில்லை. பேஸ்பாலுக்குப் பிறகு வாழ வேண்டிய ஆண்டுகள் நிறைய இருக்கின்றன, அவற்றை முழு உடலோடு வாழ விரும்புவதாகச் சொன்னார். முழங்கை அதற்குள் நிமிர்த்த முடியாதபடி வளைந்திருந்தது. தேய்ந்த மூட்டை ஓய்வு திரும்ப வளர்ப்பதில்லை. இருக்கும் அளவில் அதை நிறுத்திவைக்கவே அதனால் முடியும். 1966-இல் அவர் எடுத்த ஓய்வு செய்தது அதைத்தான்.